வீட்டு நீச்சல் குளத்திற்குக் குளோரின்: மாத்திரையா, திரவமா, தூளா, உப்பு இயந்திரமா?

செராஸ்_மேடு

வணக்கம். கோலாலம்பூர்ப் பக்கம் செராஸில் நாங்கள் வாங்கியிருக்கும் பழைய வீட்டோடு ஒரு நீச்சல் குளமும் சேர்ந்து வந்திருக்கிறது. நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர், கணக்கிட்டால் ஏறத்தாழ 45 கன மீட்டர், அதாவது 45,000 லிட்டர் தண்ணீர். உட்புறம் முழுவதும் சிறிய மொசைக் ஓடுகள், ஒரு மணல் வடிகட்டி, ஒரு குதிரைத்திறன் பம்ப். மேலே கூரையோ மர நிழலோ இல்லை. காலையிலிருந்து மாலை மழை இறங்கும் வரை வெயில் நேராக விழுகிறது.

பராமரிப்புக்காக மூன்று நிறுவனங்களிடம் விசாரித்தேன். ஒருவர், மாத்திரையே போதும், வாரம் ஒருமுறை வந்து போட்டுவிட்டுப் போகிறோம் என்கிறார். இன்னொருவர், உப்பு இயந்திரம் பொருத்திவிட்டால் குளோரினே தேவைப்படாது என்கிறார். மூன்றாமவர் திரவக் குளோரினைத் தவிர எதையும் தொட வேண்டாம் என்கிறார். மூவரும் தத்தம் பொருளைப் பற்றிப் பேசினார்களே தவிர, குளத்துத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடிக்கடி வார இறுதியில் தைப்பிங்கில் இருக்கும் பெற்றோரைப் பார்க்கப் போய்விடுவோம். அந்த நாட்களில் குளத்தைக் கவனிக்க ஆள் கிடையாது. செலவு முக்கியம்தான், ஆனால் பிள்ளைகள் முழுகி எழும் தண்ணீரில் என்ன சேருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

நீராய்வகம்_ஓய்வு

வணக்கம் ஐயா. உங்களிடம் பேசிய மூவரும் நான்காவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்: கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள். அதையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டால் மற்றவை எளிதாகும். எந்த வடிவத்தில் இட்டாலும் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் பொருள் ஒன்றே; அதன் பெயர் ஹைப்போகுளோரஸ் அமிலம். உப்பு இயந்திரமும் குளோரினை ஒழிப்பதில்லை. உப்புநீரில் மின்சாரம் செலுத்தி உங்கள் குழாயிலேயே அதைத் தயாரிக்கிறது. ஆகவே, எந்தக் குளோரின் வலியது என்று கேட்பதில் பயனில்லை. குளோரினோடு கூட வேறு எது தண்ணீரில் இறங்குகிறது, இறங்கியது வெளியேறுமா அல்லது அங்கேயே சேர்ந்துகொண்டே போகுமா என்பதுதான் தேர்வை முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரை என்று விற்பது பெரும்பாலும் டிரைகுளோர். எடையில் 90 விழுக்காடு அளவுக்குக் குளோரின் தரும். கரையும்போது சயனூரிக் அமிலத்தையும் விட்டுச்செல்லும். இந்தச் சயனூரிக் அமிலம் கெட்ட பொருள் அன்று. வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பது அதுவே. அது இல்லாத திறந்தவெளிக் குளத்தில் நண்பகல் வெயில் ஒரு மணி நேரத்திற்குள்ளேயே பாதிக் குளோரினை அழித்துவிடும். ஆனால் அது காக்கும் வேகத்திலேயே குளோரினைக் கட்டியும் வைக்கிறது. அளவு ஏற ஏற, அதே 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) குளோரின் கிருமியைக் கொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் நீள்கிறது. அது வெயிலில் ஆவியாவதில்லை, வடிகட்டியில் நிற்பதில்லை, நம்முடைய வெதுவெதுப்பான குளங்களில் சிதைவதும் மிக மெதுவாகத்தான். தண்ணீர் வெளியேறினால்தான் அதுவும் வெளியேறும்.

உங்கள் குளத்திற்கே கணக்குப் போடலாம். 45 கன மீட்டரில் 1 பிபிஎம் என்பது 45 கிராம் குளோரின். வெயில் படும் குளம் நாளொன்றுக்கு 2 முதல் 3 பிபிஎம் வரை செலவழிக்கும், 2.5 என்று வைத்துக்கொண்டால் தினமும் ஏறத்தாழ 112 கிராம் வேண்டும். இதை மாத்திரையால் மட்டும் ஈடு செய்தால் மாதத்திற்கு 3.75 கிலோ கரையும். டிரைகுளோர் 10 பிபிஎம் குளோரின் தரும்போது 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேரும் என்பது அதன் மூலக்கூற்றிலேயே அடங்கிய விகிதம். ஒரே மாதத்தில் 45 பிபிஎம். மூன்று மாதத்தில் நூற்றைத் தாண்டிவிடும்.

நம் ஊரில் கொட்டும் மழை அதைக் கழுவிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தாலும் உங்கள் குளத்தின் 32 சதுர மீட்டர் பரப்பில் விழுவது 1.6 கன மீட்டர் நீர்தான். வழிந்தோடுவது மொத்தத் தண்ணீரில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி மேலாகப் படிந்த மழைநீரே வழியும். மாத்திரை சேர்க்கும் வேகத்திற்கு மழை ஈடுகொடுக்க முடியாது.

பராமரிப்பு_கெப்போங்

ஐயா சொன்ன வேதியியலை நான் மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் மாத்திரையை நாடுவதற்குரிய காரணத்தையும் இங்கே பதிய வேண்டும். வாரம் ஒருமுறை மட்டும் செல்லும் வீட்டில், அடுத்த முறை வரும் வரை யாரும் குளத்தின் பக்கம் போக மாட்டார்கள் என்று தெரிந்தால், மெதுவாகக் கரையும் பொருள்தான் அந்த ஆறு நாட்களுக்கும் காவல். திரவத்தை ஒரே தடவையாக ஊற்றிவிட்டு வந்தால் செவ்வாய்க்கிழமைக்கே தீர்ந்துவிடும். சனிக்கிழமை போகும்போது தண்ணீர் பச்சையாக இருக்கும். கவனிப்பாரற்ற குளத்தில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரருக்குத்தான் அபராதம் வரும். டிங்கி காய்ச்சல் நாள்தோறும் செய்தியாகும் ஊரில் இதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

மாத்திரையைப் பயன்படுத்துவோருக்கு ஒன்று சொல்கிறேன். அதை, நீர்மட்டத்துக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் கூடைக்குள் போடாதீர்கள். பம்ப் நின்றிருக்கும் நேரத்தில் அங்கே தேங்கும் நீர் கடும் அமிலமாகி, பம்ப் ஓடத் தொடங்கியதும் அப்படியே குழாய்க்குள் போகிறது. மிதவைக் கூண்டில் வையுங்கள், அல்லது வடிகட்டிக்குப் பின்னால் அதற்கென்றே பொருத்தும் கலனில் வையுங்கள்.

நீராய்வகம்_ஓய்வு

ஆள் இல்லாத நாட்களுக்கு மாத்திரை என்பதை முழுமையாக ஏற்கிறேன். மாத்திரையை அன்றாட உணவாக்காமல் வெளியூர் போகும் நாட்களுக்கு வைத்துக்கொண்டால் அதன் நன்மை மட்டும் கிடைக்கும், கேடு சேராது.

நீங்கள் அமிலத்தைக் குறிப்பிட்டதால், நம் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் குழாயில் வருவது ஆற்று நீரைச் சுத்திகரித்த மென்னீர். அதில் கால்சியமும் குறைவு, அமிலம் சேர்ந்தால் தாங்கும் திறனாகிய காரத்தன்மையும் குறைவு. மழைநீரில் இவை இரண்டும் இல்லவே இல்லை என்று சொல்லலாம். வெளிநாட்டு நூல்களும் காணொளிகளும் கடின நீர் வரும் ஊர்களை மனத்தில் வைத்துப் பேசுகின்றன. அங்கே கால்சியம் மிகுந்து சுவரில் வெண்படிவு பிடிப்பதுதான் தொல்லை. இங்கே தொல்லை தலைகீழானது. கால்சியப் பசி கொண்ட நீர், ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்டுப் பூச்சை அரித்து அதிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். அதன் மேல் டிரைகுளோர் அமிலமும் சேர்ந்து, அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் எண் நடுநிலையான 7க்குக் கீழே இறங்கினால் அரிப்பு விரைவுபடும். ஓடு உதிர்ந்த பழைய குளங்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டியவர் மேல் பழி போடுவதற்கு முன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் கால்சியம் ஹைப்போகுளோரைட் நமக்குப் பொருந்திவருகிறது. 65 அல்லது 70 விழுக்காட்டுத் தூள் 10 பிபிஎம் குளோரின் தரும்போது ஏறத்தாழ 7 பிபிஎம் கால்சியக் கடினத்தன்மையையும் சேர்க்கும். கடின நீர் ஊரில் இதுவே குறை. நம் ஊரில் இது மருந்து. உங்கள் குளத்திற்கு நாளொன்றுக்கு 65 விழுக்காட்டுத் தூள் 170 கிராம் அளவு போதும். மாதத்தில் 50 பிபிஎம்முக்குச் சற்று மேல் கடினத்தன்மை கூடும். 200 முதல் 300 வரை எட்டியதும் தூளை நிறுத்திவிட்டுத் திரவத்திற்கு மாறலாம். மழையும், குளத்து நீரை வெளியேற்றும் வடிகட்டி கழுவுதலும் கடினத்தன்மையைக் குறைத்தால் மீண்டும் தூளுக்கு வரலாம். ஒரே முறையை ஆண்டு முழுவதும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

தூளை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த பின் ஊற்றுங்கள். தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

ஃபிரிங்கி_கடலோரம்

பினாங்கின் பத்து ஃபிரிங்கியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் குளம் சில ஆண்டுகளாக உப்பு இயந்திரத்தில்தான் ஓடுகிறது. ஐயாவின் விளக்கத்தில் உப்புக்கு உரிய இடம் இன்னும் வரவில்லை என்பதால் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

உப்புக் குளத்தின் சிறப்பு, குளோரின் சிறிது சிறிதாகத் தொடர்ந்து கிடைப்பது. பம்ப் ஓடும் நேரமெல்லாம் இயந்திரம் உற்பத்தி செய்கிறது. காலையில் ஒரேயடியாக ஏறி மாலையில் அடிமட்டத்துக்கு விழும் ஏற்ற இறக்கம் கிடையாது. கலனைத் தூக்க வேண்டியதில்லை, தூள் மூக்கில் ஏறுவதில்லை. உப்பின் அளவு லிட்டருக்கு 3 முதல் 3.5 கிராம், கடல்நீரில் 35 கிராம் இருக்கிறது என்றால் இது அதில் பத்தில் ஒரு பங்குதான். நாக்கில் பட்டால் இலேசாகத் தெரியும், கண் எரியாது. உங்கள் குளத்திற்குத் தொடக்கத்தில் 25 கிலோ மூட்டைகள் ஆறு போதும்.

கவனிக்க வேண்டியவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரைக் கலக்கி, கரைந்திருக்கும் கரியமில வாயுவை வெளியேற்றுவதால் பிஎச் ஏறிக்கொண்டே போகும். அவ்வப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றித்தான் ஆக வேண்டும். செல் என்னும் உட்பகுதி டைட்டானியத் தகடுகளால் ஆனது. அவற்றின் மேற்பூச்சு தேய்ந்ததும் புதிதாக வாங்க வேண்டும். பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரும். கால்சியம் குறைந்த நீர் என்பதால் தகட்டில் படிவு பிடிப்பது எங்களுக்குக் குறைவு. இது மென்னீரின் நன்மை. குளத்தைச் சுற்றி மணற்கல் அல்லது சுண்ணாம்புக்கல் பதித்தவர்கள் இருமுறை யோசியுங்கள். உப்புநீர் அதனுள் ஊறிக் காயும்போது கல் பொரியும்.

பினாங்கில் சனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறையும். அப்போது உப்பு நிலையாக நிற்கும். ஆண்டிறுதி மழை மாதங்களில் உப்பைச் சோதித்துச் சேர்ப்பதே ஒரு வேலை.

பராமரிப்பு_கெப்போங்

அம்மா, கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: இடி மின்னல். உலகிலேயே மின்னல் மிகுந்த வட்டாரங்களில் இதுவும் ஒன்று. உப்பு இயந்திரத்தின் மின்பலகை விலையுயர்ந்தது; மின்னழுத்தம் ஒருமுறை எகிறினால் கருகிவிடும். மின் அதிர்ச்சியிலிருந்து ஆளைக் காக்கும் ஈ.எல்.சி.பி. வேறு, இயந்திரத்தைக் காக்கும் மின்னல் தடுப்பான் வேறு. இரண்டும் இருக்க வேண்டும். இயந்திரத்தின் அளவையும் பாருங்கள். தினமும் 112 கிராம் தேவைப்படும் குளத்தில் மணிக்கு 20 கிராம் உற்பத்தி செய்யும் இயந்திரம் ஐந்தரை மணி நேரத்திற்கு மேல் முழு வேகத்தில் ஓட வேண்டும். விலை குறைவென்று மணிக்கு 10 கிராம் செல் வாங்கினால் பம்ப் பதினொரு மணி நேரத்திற்கு மேல் ஓடும். மிச்சம் பிடித்தது மின்கட்டணத்தில் போய்விடும்.

நீராய்வகம்_ஓய்வு

ஃபிரிங்கி அம்மையார் எழுதியவை எல்லாம் சரியானவை. ஒரேயொரு சேர்க்கை: உப்புக் குளத்திற்கும் சயனூரிக் அமிலம் தேவை. இன்னும் சொல்லப்போனால் 60 முதல் 80 பிபிஎம் வரை, மற்றவற்றைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரம் தயாரிப்பதை வெயில் கூடவே அழித்துக்கொண்டிருக்கும், செல் வீணாகத் தேயும். திரவமோ தூளோ இடும் குளத்திற்கு 30 முதல் 50 போதும்.

சுங்கைபூலோ_தாமான்

இடையில் ஒரு கேள்வி. ஓசோன் கருவி, செப்பு அயனிக் கருவி ஆகியவற்றைப் பொருத்தினால் குளோரின் வேண்டியதில்லை என்று ஒரு விற்பனையாளர் கூறினார். உண்மையா?

நீராய்வகம்_ஓய்வு

இல்லை. ஓசோனும் புறஊதாக் கதிரும் குழாய்க்குள் கருவியைக் கடந்து செல்லும் நீரில் மட்டும் வேலை செய்யும். ஒரு பிள்ளையிடமிருந்து அருகில் நீந்தும் இன்னொரு பிள்ளைக்குக் கிருமி போகும் அந்த நொடியில், அங்கேயே தண்ணீரில் எஞ்சியிருந்து கொல்லும் பொருள் வேண்டும். அது குளோரின் அல்லது புரோமின். செப்பு பாசியை அடக்கும், கிருமியைக் கொல்ல நெடுநேரம் எடுத்துக்கொள்ளும், அளவு மிஞ்சினால் இடைப்பூச்சிலும் வெளிர் நிறத் தலைமுடியிலும் பச்சைக் கறை பிடிக்கும்.

தாதி_கிள்ளான்

நான் தாதியாகப் பணிபுரிகிறேன். வேதியியலில் ஆழமாகப் போக மாட்டேன். பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள் என்பதால் இரண்டு செய்திகளைச் சொல்ல வந்தேன்.

குளத்தருகே மூக்கைத் துளைக்கும் வாடை அடித்தால் குளோரின் மிகுந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கட்டுண்ட குளோரினே அந்த வாடைக்கும் கண் எரிச்சலுக்கும் முதன்மையான காரணம். அப்படிச் சேராமல் எஞ்சிய கட்டற்ற குளோரின் போதாத குளத்தில்தான் இது மிகும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்கு இது உறுத்தும். குளத்தில் இறங்கும் முன் குளித்துவிட்டு வருவதை ஒரு வீட்டு ஒழுங்காகவே வையுங்கள். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு பிள்ளைகள் குளத்திற்குள் பாய்வது நம் வீடுகளில் வழக்கம். சீயக்காய் போட்டும் போகாத எண்ணெய் நீர்மட்டத்தில் வளையமாகப் படியும், குளோரினையும் தின்னும். அந்த நாட்களில் வழக்கமான அளவு போதாது.

வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் குளத்தில் இறக்கவே கூடாது. சரியான அளவில் குளோரின் இருந்தால் ஈ.கோலை போன்ற கிருமி ஒரு நிமிடத்திற்குள் சாகும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி 1 பிபிஎம் குளோரினில் பத்து நாட்கள் வரை தாக்குப்பிடிக்கும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. எந்த முறையைத் தேர்ந்தாலும் இது மாறாது.

செராஸ்_மேடு

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதிவுகளைப் படித்த பிறகு தண்ணீரை எடுத்துச் சென்று சோதித்தேன். கட்டற்ற குளோரின் 1.5, பிஎச் 6.8, காரத்தன்மை 40, கால்சியக் கடினத்தன்மை 60. சயனூரிக் அமிலச் சோதனையில், குழாயின் அடியிலுள்ள கரும்புள்ளி ஊற்றத் தொடங்கிய உடனேயே மறைந்துவிட்டது. கருவியின் அளவு 100க்கு மேல் காட்டாதாம். முந்தைய உரிமையாளர் மாத்திரையையே போட்டுவந்தார் என்று பக்கத்து வீட்டார் கூறினார்கள். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே எண்ணியிருந்தோம்.

நீராய்வகம்_ஓய்வு

உங்கள் எண்கள் மேலே எழுதியதை அப்படியே காட்டுகின்றன. 100க்கு மேல் இருக்கும்போது, குளத்து நீரையும் குழாய் நீரையும் சம அளவு கலந்து சோதித்து, வரும் எண்ணை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். தோராயமான அளவு கிடைக்கும். குளோரினைச் சயனூரிக் அமில அளவில் 7.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்பது குளம் பராமரிப்போர் கையாளும் விதி. உங்கள் குளத்தில் 120 இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் குறைந்தது 9 பிபிஎம் வேண்டும், இருப்பதோ 1.5. கண்ணுக்குத் தெளிவான நீர் என்பது பாசி இன்னும் வெல்லவில்லை என்பதற்குச் சான்றே அன்றி, கிருமி இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. சரியாகும் வரை பிள்ளைகளை இறக்காதீர்கள்.

இதற்கு மருந்து தண்ணீரை மாற்றுவதுதான். ஆனால் ஒரேயடியாகக் காலி செய்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது, வெறுமையான குளத்தொட்டி கீழிருந்து வரும் அழுத்தத்தால் விரிசல் விடலாம், மேலே எழும்பவும் கூடும். பாதியை வெளியேற்றி நிரப்பினால் 60க்கு வரும். அந்த அளவில் குளோரினை 5 அல்லது 6இல் வைத்து நடத்தலாம். பிறகு மாத்திரை போடாமலேயே மழையும் வடிகட்டி கழுவுதலும் சில மாதங்களில் இன்னும் கீழே கொண்டுவரும். மாத்திரைக்கு எதிராக மழையால் வெல்ல முடியாது என்றேன். மாத்திரையை நிறுத்திய குளத்தில் அதே மழை உங்களுக்காக உழைக்கும்.

நிரப்பிய பின் சமையல் சோடாவால் காரத்தன்மையை 80க்கு உயர்த்துங்கள். பிஎச்சும் தானாகச் சற்று ஏறும், 7.2 முதல் 7.8 வரை நிற்கட்டும். கால்சியத்திற்குத் தூளையே முதல் சில மாதங்கள் பயன்படுத்துங்கள்.

சோதனைக் கருவி பற்றியும் ஒரு சொல். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான கருவி, கட்டுண்ட குளோரினையும் சேர்த்து மொத்தத்தையே காட்டும். கட்டற்ற குளோரினைத் தனியே காட்டும் டி.பி.டி. வகையையே வாங்குங்கள்.

பராமரிப்பு_கெப்போங்

திரவத்திற்கு மாறும் காலத்தில், ஊரில் இல்லாத நாட்களின் சிக்கலுக்கு மாத்திரையைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. சிறிய டோசிங் பம்ப் ஒன்றை வைத்து, நேரக் கருவி மூலம் தினமும் குறித்த அளவு திரவத்தைக் குழாயில் செலுத்தலாம். உப்பு இயந்திரத்தோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. பழுதானாலும் ஒரு ரப்பர் குழாயை மாற்றினால் போதும். பொருத்துபவரிடம் இரண்டை வற்புறுத்துங்கள். வடிகட்டிக்குப் பின்னால்தான் இணைப்பு இருக்க வேண்டும். சுற்றோட்டப் பம்ப் நின்றால் டோசிங் பம்பும் தானாக நிற்கும்படி மின் இணைப்பு அமைய வேண்டும். இல்லையேல் தேங்கிய குழாயில் குளோரின் நிறைந்து, பம்ப் ஓடத் தொடங்கியதும் குளிப்பவர் மேல் மொத்தமாகப் பாயும்.

10 விழுக்காட்டுத் திரவம் என்றால் உங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் செலவாகும். மலிவென்று நான்கைந்து கலன்களை வாங்கி அடுக்காதீர்கள். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் அது சிதையும் வேகம் மூன்று நான்கு மடங்காகும். தகரக் கூரையின் கீழுள்ள பம்ப் அறையில் வைத்தால் சில வாரங்களிலேயே வீரியம் வெகுவாகக் குறைந்துவிடும். 20 அல்லது 25 லிட்டர் கலன் ஒன்று உங்கள் குளத்திற்கு மூன்று வாரம் வரும். அது தீரும் தறுவாயில் அடுத்ததை வரவழையுங்கள். பழைய சரக்கா, புதியதா என்று கடையில் கேட்டு வாங்குவதில் தவறில்லை.

செராஸ்_மேடு

முடிவுக்கு வந்துவிட்டேன். மழை விட்ட நாள் பார்த்துப் பாதித் தண்ணீரை மாற்றுகிறோம். கடினத்தன்மை 200ஐ எட்டும் வரை கால்சியம் தூள், மாலையில் வெயில் தணிந்த பின் என் கையாலேயே இடுவேன். பிறகு டோசிங் பம்ப் வைத்துத் திரவம். இடைப்பட்ட மாதங்களில் தைப்பிங் போகும்போது மிதவையில் மாத்திரை. உப்பு இயந்திரம் நல்லதே என்றாலும், குளத்தைச் சுற்றியுள்ள கல் சுண்ணாம்புக்கல் என்று தெரிந்ததால் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பம்ப் அறையில் ஓர் அலமாரி செய்து, தூள், மாத்திரை, அமிலம் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டி வைக்கப் போகிறேன்.

தாதி_கிள்ளான்

ஐயா, அந்த அலமாரியை மட்டும் மாற்றிவிடுங்கள். பூட்டு அவசியம், ஆனால் ஒரே அலமாரி கூடாது. கால்சியம் தூளும் டிரைகுளோரும் ஈரத்தில் ஒன்றோடொன்று பட்டால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். அவற்றை எடுக்கும் கரண்டியைக்கூட மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. அமிலத்தின் ஆவியோ ஒழுக்கோ இரண்டில் எதன் மேல் பட்டாலும் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சிறிய அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

பராமரிப்பு_கெப்போங்

அம்மா சொல்வது சரி. தூளைப் பம்ப் அறைக்கு வெளியே, நிழலும் காற்றோட்டமும் உள்ள உலர்ந்த இடத்தில் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மாத்திரை வாளி வேறொரு பக்கத்தில் இருக்கட்டும். அமிலம் இரண்டுக்கும் எட்டாத தொலைவில், தரைமட்டத்தில், ஒழுகினால் தாங்கும் பிளாஸ்டிக் தட்டின் மேல் இருக்கட்டும். எதையும் மின்பலகை உள்ள அறையில் வைக்காதீர்கள். ஆவி பட்டாலே செம்புக் கம்பிகள் பச்சை பூத்துவிடும். முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற வாளியில் மீதி மாத்திரை இருந்தால், அதே வாளியில் புதிய தூளைக் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செராஸ்_மேடு

அப்படி ஒரு வாளி பம்ப் அறையில் பெயர்ச்சீட்டு உரிந்த நிலையில் இருக்கிறது. அதில் இருப்பது எது என்று தெரியாமல் திறக்க மாட்டேன். தூளுக்குப் பின்புறத் தாழ்வாரத்தில் இடம் ஒதுக்கிவிட்டோம். மாத்திரைக்கும் அமிலத்திற்கும் தனித்தனியே இரண்டு சிறு பெட்டிகள் செய்யச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் மாற்றியதும் புதிய எண்களை இங்கே பதிகிறேன்.